ஓவர்டைம் நின்ற மாதம்



போன மாதம் முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் போன் செய்து "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில்தான் கொஞ்சம் மாற்றம். 2025 செப்டம்பர் எங்கள் வீட்டுக்கு வழக்கமான மாதமாக இல்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் இதை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

எங்கள் வீட்டைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நானும் மனைவியும், மகன், மருமகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகன் திருப்பத்தூரிலேயே பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். மருமகள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்பார்கள். வெட்டி, ஓரம் சீவி வரும் தோல் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது அவள் வேலை. 2016 ஜூலையில் சேர்ந்தாள்.

நம் பக்கத்தில் இந்த வேன்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. விடியற்காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஓடும். எங்கள் தெருமுனைக்கு வேன் வருவது 6.15க்கு. அதற்காக மருமகள் 4.30க்கு எழுந்திருப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்புவாள். ஓவர்டைம் இருந்தால் ஒன்பது. வாரத்தில் மூன்று நாளாவது ஓவர்டைம் இருக்கும். பேத்தி பெரும்பாலும் அம்மாவைப் பார்ப்பது தூக்கக் கலக்கத்தில்தான்.

ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. அன்றைக்குத்தான் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்கள் மீது போட்ட இரண்டாவது 25 சதவீத வரியும் அமலுக்கு வந்தது. முதல் 25 சதவீதம் அந்த மாதம் 7ஆம் தேதியே வந்திருந்தது. ஆக மொத்தம் 50. ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் இது. கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டே டிவியில் இந்தச் செய்தியைப் பார்த்தோம். மகன் "வரியை அமெரிக்காக்காரன்தானே கட்டணும், நமக்கென்ன?" என்றான்.

அதற்கு மருமகள்தான் பதில் சொன்னாள். "கட்டறது அவன்தாங்க. ஆனா அவன் அடுத்த ஆர்டர் போடறப்போ, விலையைக் குறை, இல்லைன்னா வியட்நாம்ல வாங்கிக்கிறேன்னு சொல்லுவான். அவங்களுக்கு 20 பர்சென்ட்தான். எங்க சூப்பர்வைசர் போன வாரமே சொல்லிட்டாரு."

பேப்பரில் நான் படித்த ஒரு பக்கக் கட்டுரையை அவள் நாலு வரியில் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கட்கிழமை. மாலை 6.50க்கு வாசலில் செருப்புச் சத்தம். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. பேத்தி ஓடிப்போய்ப் பார்த்து "அம்மா வந்துட்டாங்க!" என்று கத்தினாள். ஓவர்டைம் நிறுத்திவிட்டார்களாம். அன்றிரவு ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு, கீரைக் கூட்டு, அப்பளம் அவ்வளவுதான். தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாளில் அப்படி உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. மனைவிக்குச் சந்தோஷம். மருமகள் மட்டும் தட்டைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஓவர்டைம் என்றால் மாதம் 3,000 ரூபாய். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை 2,300.

அதே வாரத்தில் என் பழைய ஆபீஸ் பக்கமும் ஒரு மாற்றம். காலை நடைக்குப் போனபோது இன்னும் சர்வீசில் இருக்கும் ஒரு நண்பரைப் பார்த்தேன். "சார், ரிஜிஸ்டர் தபால் போயிடுச்சு, எல்லாம் இனிமே ஸ்பீடு போஸ்ட்தான்" என்றார். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். விரைவுத் தபால் வந்ததே 1986இல்தான். அதற்குப் பல தலைமுறைக்கு முன்பிருந்து பதிவுத் தபால் இருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு 'ரிஜிஸ்டர்' என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம் வரும். ஒன்று வேலை உத்தரவு, இல்லாவிட்டால் கோர்ட்டு நோட்டீஸ். பெயருக்கு உரியவரிடம்தான் கொடுக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், அந்த மஞ்சள் அட்டை அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும்.

1980களில் ஆலங்காயம் அஞ்சலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகும் இ.டி. ஊழியர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவார்கள். மலையில் ஒரு பையனுக்கு வனத்துறையில் காவலர் வேலைக்கு உத்தரவு வந்தபோது, அவன் ஊரில் இல்லை என்று தெரிந்து, அடுத்த நாளும் ஏறிப்போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார் ஒருவர். அவருக்குக் கிடைத்தது ஒரு செம்பு மோர். வேலை மாறுவது புதிதில்லை, என் காலத்திலேயே தந்தி போனது, மணியார்டர் பாரம் போனது. ஆனால் நான் ஓய்வு பெறும்வரை வேலையே இல்லாத நாள் என்று ஒன்று எனக்கு வந்ததில்லை. சம்பளத் தேதி தள்ளிப் போனதுமில்லை. மருமகள் இருப்பது வேறு உலகம். அமெரிக்காவில் ஒரு கடைக்காரர் ஆர்டர் புத்தகத்தை மூடினால் திருப்பத்தூரில் ஒரு தையல் மிஷின் நிற்கிறது.

செப்டம்பர் 7 ஞாயிறு இரவு சந்திர கிரகணம். நம் ஊரில் முழுசாகத் தெரிந்த கிரகணம். இரவு 9.57க்குப் பிடித்து, 11 மணிக்கு முழுக்க மறைந்து, 12.22 வரை செம்பு நிறத்தில் நின்றது. மனைவி எட்டு மணிக்கே எல்லாரையும் சாப்பிட வைத்து, அரிசிப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட்டுவிட்டாள். நாங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். மேகம் வந்து வந்து போனது. நிலாவுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி ஒரு வெளிச்சப் புள்ளி. "அது சனி" என்று பேத்திக்குக் காட்டினேன். மறுநாள் 4.30க்கு எழ வேண்டிய மருமகளும் கிரகணம் விடும்வரை தூங்கவில்லை. "நிலாவை இப்படி மல்லாந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு மாமா" என்றாள். பேத்தி அப்போதே பிடித்துக்கொண்டாள். "தாத்தா, காவலூர்ல பெரிய டெலஸ்கோப் இருக்குன்னு சொன்னீங்களே, எப்போ கூட்டிட்டுப் போவீங்க?"

அதற்கு வழி தானாகவே வந்தது. செப்டம்பர் 11 வியாழக்கிழமை கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் வரும்வரை வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, வெள்ளி சனி வேன் வராது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 4.30க்கு மருமகள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். கோலம் போட்டு, காபி போட்டு, பேத்தியின் சீருடையை இஸ்திரி போட்டு, 6.15க்கு வாசலுக்கு வந்து நின்றாள். தெருமுனையில் யாரும் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணும் அதே மாதிரி வாசலில் நின்றாள், அவளும் இதே தொழில்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை 13ஆம் தேதி காவலூர் போனோம். சனிக்கிழமைதான் பார்வையாளர்களை விடுவார்கள். மகனுக்குக் கடை. நாங்கள் நாலு பேரும் ஆலங்காயம் பஸ் ஏறி, அங்கிருந்து மேலே போனோம். ஆலங்காயம் தாண்டினதும் காற்று மாறும். ஜவ்வாது மலைக் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும்.

நம்மில் பலர் இத்தனை வருடம் இங்கே இருந்தும் காவலூரைப் பார்க்காமலே இருக்கிறோம். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர், ஊர் வெளிச்சம் எட்டாத, தென்வானமும் நன்றாகத் தெரிகிற இடமாகத் தேடி இதைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை ஆரம்பித்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் கிடைத்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் கண்ணாடி. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கியது. அது முடிவதற்குள், 1982இல், வைணு பாப்பு இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்.

ஆலங்காயத்தில் நான் இருந்தபோது காவலூருக்கு வரும் தபால்களைப் பிரிப்பது தனிச் சுகம். ஜெர்மனி, அமெரிக்கா, ரஷ்யா என்று விதவிதமான ஸ்டாம்பு. உறை அவர்களுடையது, ஸ்டாம்பைக் கிழிக்க முடியாது. பார்ப்பதோடு சரி.

கூட்டிப்போய்க் காட்டியவர் பொறுமையாகச் சொன்னார். பெரிய கோபுரத்தின் கூரையே திறந்து சுற்றுமாம். பேத்தி கேட்டாள், "ராத்திரி வேலை செய்யறவங்க பகல்ல தூங்குவாங்களா அங்கிள்?" "ஆமாம்மா, பகல்ல சத்தம் போடக் கூடாது" என்றார். மேகம் மூடினால் அன்றைக்கு வானத்தைப் பார்க்க முடியாது, காத்திருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். மருமகள் என் காதோரம் மெதுவாக, "மேகம் வந்தா இவங்களுக்கும் வேலை நிக்குதாம் மாமா. சம்பளம் நிக்காதுல்ல?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அன்று மாலையும் மேகம்தான். இருட்டும்வரை இருக்காமல் இறங்கிவிட்டோம்.

ஆலங்காயத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மலையிலிருந்து வந்த ஒரு அம்மா சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். இது சீத்தாப்பழக் காலம். மனைவி விலை பேச, பேச்சு எங்கெங்கோ போனது. அவருடைய மகளும் ஷூ கம்பெனிக்குத்தான் போகிறாளாம், அங்கேயே ஹாஸ்டலில் தங்கி. "இப்ப பாதி நாளு வேலை இல்லன்னு மேல வந்துட்டா. இங்க இன்னா இருக்குது? சாமை, கொள்ளு, மழை வந்தா உண்டு" என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார். "பொம்பளைப் புள்ளைங்களுக்கு இந்த வேலை வந்தப்புறம்தான் ஆம்பளைங்க மரம் வெட்டப் போறது கொறஞ்சுது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மலையில் கூலி இல்லாமல் போனால் அந்த இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்ன விலைக்கே இரண்டு டஜன் பழம் வாங்கிக்கொண்டோம். மனைவி பேரம் பேசவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி.

செப்டம்பர் 17 புரட்டாசி பிறந்தது. கவுச்சி நிறுத்தம். முதல் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு மருமகளும் வந்தாள். வழக்கமாக அவளுக்குச் சனிக்கிழமை வேலை நாள். பேத்திக்கு அம்மாவே தலை பின்னிவிட்டாள். காலாண்டுத் தேர்வுக்கு அம்மாவே உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இதையெல்லாம் பார்த்துவிட்டு மனைவி பேச ஆரம்பித்தாள்.

"அவ்வளவு தூரம் போய் என்னத்துக்கு? வீட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கட்டும். புள்ளையையும் பார்த்துக்கலாம். என் முழங்காலும் முன்ன மாதிரி இல்ல."

மகனுக்கு வேறு யோசனை. "வேலையை விட்டா பி.எஃப். பணம் வரும்பா. அதை வெச்சுக் கடையில ஒரு வாட்டர் சர்வீஸ் மிஷின் போட்டா மாசம் பத்தாயிரம் நிக்கும்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மருமகள் எதுவும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும் "மாமா, என் பி.எஃப். என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். இருபது வருடம் மற்றவர்களுடைய சேமிப்புக் கணக்கும் ஆர்.டி.யும் பார்த்தவன் நான். மறுநாள் அவளும் நானும் போனைத் திறந்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இதை எழுதுவதே முக்கியமாக இந்தப் பகுதிக்காகத்தான். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ கம்பெனி வேலையில் இருக்கலாம்.

பி.எஃப். என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு பானை இருக்கிறது. தொழிலாளி தன் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறார், அது முழுக்க ஒரு பானையில் விழுகிறது. முதலாளியும் 12 கட்டுகிறார். அதில் 8.33 சதவீதம் இரண்டாவது பானைக்கு, அதாவது பென்ஷனுக்குப் போகிறது. மீதிதான் முதல் பானைக்கு. அந்தப் பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து வருடச் சேவை வேண்டும். பத்து ஆனால் 58 வயதில் இருந்து மாதாமாதம் வரும். பத்துக்கு முன்னால் விட்டால் ஒன்று அந்தப் பணத்தைச் சிறு தொகையாக எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது சான்றிதழ் வாங்கி அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் போனதுதான்.

மருமகள் சேர்ந்தது 2016 ஜூலை. பத்து முடிய 2026 ஜூலை. இன்னும் பத்து மாதம்.

கணக்கு இப்படி. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அவளுடைய பி.எஃப். சம்பளம் 10,500 என்று வைத்துக்கொண்டால், பத்து வருடத்துக்கு மாதம் 1,500 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் 150 ரூபாய் கூடும். பெரிய தொகை இல்லை. நோட்டில் 1,500 என்று எழுதியதைப் பார்த்து மகனே "இவ்வளவுதானா?" என்றான்.

மருமகள் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கம்மா நாற்பது வருஷம் பீடி சுத்தினாங்க. வயசானப்புறம் கையில ஒத்த ரூபா இல்ல. டீ குடிக்கக்கூட அண்ணன்கிட்ட கேக்கணும். 1,500 சின்னதுதான். ஆனா அது என் பேருல வரும்."

அதற்குப் பிறகு வாட்டர் சர்வீஸ் மிஷின் பேச்சு எழவில்லை. மனைவியும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது, "பத்து மாசம்தானே, என் முழங்கால் தாங்கும்" என்றாள்.

ஆனால் வாரம் நாலு நாள் சம்பளத்தில் பத்து மாதம் ஓட்ட முடியுமா? முழு மாதத்தில் கைக்கு 12,400 வந்த இடத்தில் இப்போது 8,300 வரும். ஆர்டர் இன்னும் குறைந்து நாலு நாள் இரண்டு நாளானால் ஈ.எஸ்.ஐ.யும் இடிக்கும். ஆறு மாத காலத்தில் 78 நாளாவது சம்பளம் வாங்கிய நாளாக இருந்தால்தான் நோய்க் காலத்தில் உதவித்தொகை கிடைக்கும். இங்கிலாந்தோடு ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, அது நடைமுறைக்கு வந்தால் அந்தப் பக்கம் ஷூ போகும் என்று கம்பெனியில் நம்பிக்கையாகப் பேசிக்கொள்கிறார்களாம். நம்பிக்கை நல்லதுதான். குழுக் கடன் தவணை அதுவரை காத்திருக்காது.

செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது. ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள செருப்பு, ஷூவுக்கு இனி 5 சதவீதம்தான். அந்த வாரமே வேனில் ஒரு பேச்சு கிளம்பியது. வாணியம்பாடிப் பக்கம் உள்நாட்டு வியாபாரத்துக்கு மட்டும் ஷூ செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் தையலுக்கு ஆள் எடுக்கிறார்களாம். 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வேன் வராத நாள். மருமகள் எதிர் வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு அப்பரைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்களாம். தைத்துக் கொடுத்ததும் எப்போது வர முடியும் என்றுதான் கேட்டார்களாம். கைக்கு 10,200. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஆறு நாள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்று அவள் முதலிலேயே கேட்டிருக்கிறாள். உண்டு. பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுத்தால் சேவை தொடரும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் போதும், மாலை ஆறரைக்கு வீடு.

"உடனே சொல்ல வேண்டியதில்ல, யோசிச்சுச் சொல்லலாம்னாங்க மாமா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, காலாண்டு விடுமுறையும் ஆரம்பித்துவிட்டது. மகன் தானாகவே "கடையை இன்னைக்குச் சாத்திடறேன், ஏலகிரி போலாமா?" என்றான். கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேரும் போனது, அதற்குப் பிறகு போகவில்லை. வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற மலை. பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பேத்தி எண்ணிக்கொண்டே வந்தாள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்களே, ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்தாள். மனைவி கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டர்தான், ஊட்டி அளவுக்குக் குளிராது. ஆனாலும் ஏறினதும் சால்வை தேடினோம்.

புங்கனூர் ஏரியில் படகு சவாரி. மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் இருந்து கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்து வைத்தோம். தூரத்தில் படகில் அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பி வந்ததும் மகன்தான் சொன்னான். "வாணியம்பாடிக்கே போகட்டும்பா. காலையில பஸ் ஸ்டாண்டுல நான் விட்டுடறேன்."

மனைவி ஏரியைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி ஆறரைக்கு வந்துடுவாளில்ல, அது போதும்" என்றாள்.

அக்டோபர் 1 ஆயுத பூஜை. மகன் கடையில் ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, தெருவுக்கே பொரி கொடுத்தான். கம்பெனியில் முதல் நாளே பூஜை. மருமகளுக்கு அங்கே அதுதான் கடைசி நாள். ஒன்பது வருடம் உட்கார்ந்து தைத்த மிஷினுக்குத் தன் கையால் சந்தனம் பூசிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அந்த லைனில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பொரி, கடலை, ஒரு வாழைப்பழம். கொண்டு வந்து பூஜை அறையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

இந்தத் திங்கள் 6ஆம் தேதி புது இடத்தில் சேர்ந்துவிட்டாள். மாதம் 2,200 ரூபாய் குறைவு, ஓவர்டைம் பணமும் இல்லை. குழுக் கடனில் மீதி இருக்கிற ஏழு தவணையை என் பென்ஷனில் இருந்து கட்டுவதாக நான் சொன்னேன். "பாதி நீங்க கட்டுங்க மாமா, பாதி நான் கட்டறேன்" என்றாள். அப்படியே முடிவாகியிருக்கிறது. அவள் இப்போது 5.30க்கு எழுந்திருக்கிறாள். பேத்திக்குத் தலை பின்னிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய யு.ஏ.என். நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வருடம், எந்த மாதம் சேர்ந்தார்கள் என்றும் எழுதுங்கள். வேலையை விட நேர்ந்தால், பத்து வருடத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பணம் எடுப்பதைப் பற்றிப் பேசுங்கள். நமக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. அவர்களுக்கும் ஏதாவது வர வேண்டும்.

ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் இன்னும் சில வாரம் வரும். ஆலங்காயம் பக்கம் போனால் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.